நாலங்குலச் செடியின் எண்பது அடி நிழல்

1951ஆம் வருடம் தை மாதம், எண்ணூர் உப்பளத்தின் மேற்கு வரப்பில் நாலங்குல உயரத்தில் ஒரு செடி நின்றுகொண்டிருந்தது. அதன் நிழல் எண்பது அடி அகலம். செடிக்கு மேலே மரமோ பந்தலோ மேகமோ கிடையாது. நிழல் மட்டும் ஒரு பெரிய மரத்துடையது; கிளை, கொப்பு, இலை, இலைக்கு நடுவே வெயில் ஒழுகுகிற ஓட்டை எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. காற்று அடித்தால் செடி அசையாது, நிழல் அசையும். ஆனி மாதத்தில் நிழலில் காய்கள் தெரியும். வடக்குக் கிளையில் ஒரு காக்கைக் கூட்டின் நிழல் இருந்தது. அதில் வருடம் தவறாமல் குஞ்சு பொரித்தது.

நிழலுக்கு அப்போது வயது ஒன்பது. 1942 சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடியது. ஓடுவதற்கு வேறு ஊர் இல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். உப்பளத்து ஆட்கள் நாற்பத்திரண்டு பேரும் அந்த வகை. ஒருநாள் மதியம் அவர்கள் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது தூக்கின் மேல் நிழல் விழுந்திருந்தது. அண்ணாந்து பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தார்கள், செடி இருந்தது. பிறகு சாப்பிட்டார்கள். அவர்கள் செய்த ஆராய்ச்சி மொத்தமும் அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு கோடையிலும் வெயில் தாங்காமல் இரண்டு பேராவது உப்புப் பாத்தியில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒருவரும் சாகவில்லை. இதை அதிசயம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை; கூலி உயர்ந்திருந்தால்தான் அதிசயம் என்று சொல்லியிருப்பார்கள்.

முறையான ஆராய்ச்சிக்கு வந்தவள் தேவகிருபை. வயது இருபது, பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருடம். அப்பா ஞானதுரை சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் கருப்பட்டியும் மிளகாய்வற்றலும் மொத்த வியாபாரம் செய்தார். மகளைப் படிக்க வைத்ததற்கு அவரிடம் ஒரே காரணம்தான் இருந்தது. "தூத்துக்குடி மாப்பிள வீட்ல பி.எஸ்ஸி.ன்னு சொல்லியாச்சி கிருபை. இனி படிக்காம இருந்தாத்தான் அசிங்கம்" என்பார். தேவகிருபைக்கு வேறு ஆசை இருந்தது. உலகத்தில் யாரும் பெயர் வைக்காத ஒரு செடியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பெயருக்குப் பின்னால் தன் பெயர் வர வேண்டும். இதை அவள் வீட்டில் சொன்னதில்லை. சொன்னால், கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாமா என்று அப்பா கேட்பார்.

கடைசி வருடத்து மாணவர்கள் ஆளுக்கொரு சிறு ஆய்வு எழுத வேண்டும். அதற்கு அவர்களை இராயபுரத்துத் தாவரத் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். கம்பெனிக் காலத்து டாக்டர் ஒருவர் ஆரம்பித்த ஆறு ஏக்கர் தோட்டம் அது. ஒரு பக்கம் ரயில்வே சரக்குக் கொட்டகை, இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிடங்குகள். கண்காணிப்பாளர் சுப்புராஜ் உயிரோடு நிற்கும் செடிகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதவர். அவருடைய அக்கறையெல்லாம் நடுக்கட்டிடத்தில் இருந்த ஹெர்பேரியத்தின் மேல். காய்ந்த செடிகளை அட்டையில் தைத்து, லேபிள் ஒட்டி, பூச்சி அரிக்காமல் விஷம் தடவி அடுக்கி வைத்திருக்கிற அலமாரிகளின் அறை அது. ஒரு செடி வேரோடும் பூவோடும் அங்கே வந்து படுத்தால்தான் அது உலகத்தில் இருப்பதாக அவர் ஒப்புக்கொள்வார். உலகத்தில் வேறெங்குமே இல்லாத பதினேழு செடிகள் அந்த அலமாரியில் இருந்தன. அதில் அவருக்குப் பெருமை தாங்காது. பதினேழில் பதினொன்றைக் கடைசியாகப் பிடுங்கியவர்கள் தோட்டத்து ஆட்களே என்பது லேபிள் தேதிகளைப் படித்தால் தெரியும். அப்படிப் படிக்கிற வழக்கம் அங்கே இல்லை.

சீட்டுக் குலுக்கியதில் மற்ற மாணவிகளுக்குத் தாமரைக் குளமும் பெரணிக் கொட்டகையும் கிடைத்தன. தேவகிருபைக்கு எண்ணூர் உவர்நிலம். முதல் நாளே அவள் செடியைப் பார்த்துவிட்டாள். இரண்டாம் நாள் நிழலைப் பார்த்தாள். படித்தவர்களுக்கு அந்த வரிசையில்தான் தெரியும். செடியின் இலையும் பூவும் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. அன்று ரயிலில் திரும்பும்போது திருவொற்றியூரில் இறங்க மறந்து தண்டையார்பேட்டை வரை போய்விட்டாள். அடுத்த ஒரு மாதம் மணிக்கொரு தடவை முளைக்குச்சி அடித்து, கயிறு பிடித்து, நிழலை அளந்தாள். தரையில் காகிதத்தை விரித்து, அதன் மேல் விழுந்த இலை நிழல்களைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு இலைகள். சூரியனின் சாய்வைக் கொண்டு கணக்குப் போட்டால் மரத்தின் உயரம் அறுபத்திரண்டு அடி என்று வந்தது. உப்பளத்துப் பெண்கள் அவள் தலை காயாமல் வேலை செய்யட்டும் என்று நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அளக்கிற மும்முரத்தில் ஒருநாளும் அதில் உட்காரவில்லை.

சுப்புராஜ் அறிக்கையை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் படித்தார். "செடி பிரமாதம்மா. புது ஜாதிதான், சந்தேகமே இல்ல. ஆனா இது என்ன, இல்லாத மரத்துக்கு உயரம்?" என்று கேட்டார். நிழல் இருக்கிறதே சார் என்றாள் அவள். "நிழலுக்கு ஃபாரத்துல பத்தி கிடையாதே" என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. ஃபாரத்தில் வேர், தண்டு, இலை, பூ, காய், மண் என்று ஆறு பத்திகள்தான் இருந்தன. பிறகு அவர் கேட்ட கேள்வி எத்தனை செடி இருக்கிறது என்பது. ஒன்றே ஒன்று என்றதும் முகம் மலர்ந்துபோய் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப உடனே எடுத்துட்டு வந்துடு. ஒண்ணே ஒண்ணுன்னா எவ்வளவு ஆபத்துல இருக்கு பார்."

இன்னொரு ஆபத்தும் இருந்தது. உப்பளத்தை வாங்கிச் சாம்பல் கொட்டும் இடமாக்க ஒரு கம்பெனி வந்து அளந்துவிட்டுப் போயிருந்தது. செடி அலமாரிக்கு வந்துவிட்டால், அரிய தாவரம் வாழும் இடம் என்று சர்க்காரிடம் சொல்லி அந்த வரப்பையும் சுற்றியுள்ள பாத்திகளையும் பாதுகாப்பில் கொண்டுவந்துவிடலாம், கம்பெனி கிட்டே வர முடியாது என்றார் சுப்புராஜ். அலமாரியில் இல்லாத செடிக்காகச் சர்க்கார் ஒரு முழம் நிலம் கூடத் தராது என்பதும் உண்மை. தேவகிருபை இரண்டு நாள் யோசித்தாள். செடியைக் காப்பாற்றுவதற்கு அதைக் கொல்ல வேண்டியிருந்தது. கொன்றால் அதற்குப் பெயர் கிடைக்கும், தனக்குப் பட்டம் கிடைக்கும், உப்பளத்து ஆட்களுக்கு நிலம் கிடைக்கும். இதில் கொல்வதைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே இருந்ததால் மூன்றாம் நாள் மண்வாரியை எடுத்துக்கொண்டு போனாள்.

உப்பு வாரும் பெண்களில் மூத்தவள் வியாகுலம்மாள். காசிமேட்டில் பிறந்து, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு உப்புக்கு வந்தவள். அவளிடம் தேவகிருபை எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். வியாகுலம்மாள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது கூத்து? காப்பாத்தணும்னா வுட்டுட்டுப் போ. புடுங்கிக்கினு போறதுக்குப் பேரா காப்பாத்தறது?"

"இல்லாட்டா கம்பெனிக்காரன் சாம்பலைக் கொட்டிருவான் அக்கா. செடி போனாலும் எடம் நிக்கும்லா."

"எடத்த வெச்சிகினு இன்னா பண்றது? எடம் நெழல் குடுக்குமா?"

 பதில் இல்லாதபோது படித்தவர்கள் செய்வதைத் தேவகிருபையும் செய்தாள். குனிந்து வேலையைத் தொடங்கினாள். வேர் ஒரு விரல் நீளம்தான். அது மண்ணிலிருந்து கழன்றதும் நிழலும் கழன்றது. வரப்பில் உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு பேரின் தலையிலும் ஒரே நேரத்தில் வெயில் விழுந்தது. யாரும் திட்டவில்லை, முந்தானையையும் துண்டையும் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். தேவகிருபை செடியைப் பழைய செய்தித்தாளில் விரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கிக் கட்டி நடந்தாள். நிழல் அவளோடு நடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. நல்ல காரியம்தான் செய்கிறோம் என்று ஸ்டேஷன் வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அவள் ஏறியதும் இருட்டிக் குளிர்ந்தது. பயணிகள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். இராயபுரம் வந்தபோது இறங்க வேண்டியவர்கள் பாதிப்பேர் இறங்கவில்லை.

கோப்புகளில் எல்லாம் சொன்னபடியே நடந்தது. செடிக்குத் தோட்டக் கமிட்டித் தலைவருடைய மனைவியின் பெயரை வைத்து சுப்புராஜ் கட்டுரை எழுதினார். கடைசி வரியில் பொடி எழுத்தில் 'ஒரு மாணவியின் உதவியுடன்' என்று இருந்தது. தேவகிருபையின் ஆய்வைத் திருத்தியவர் நிழலைப் பற்றிய பதினான்கு பக்கங்களையும் 'பொருளுக்குத் தொடர்பில்லை' என்று அடித்துவிட்டு, மீதி நாலு பக்கத்துக்கு முதல் வகுப்பு கொடுத்தார். சர்க்காரும் வாக்குத் தவறவில்லை. கம்பெனி பின்வாங்கியது. மேற்கு வரப்பைச் சுற்றி எண்பது அடிக்குக் கம்பிவேலி போட்டு, நடுவில் ஒரு கம்பம் நட்டு, 'அரிய தாவரம். பறிக்கக் கூடாது. ஆய்வாளர்கள் தவிர எவரும் உள்ளே வரக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள். வேலிக்குள்ளே உப்பும் வெயிலும் இருந்தன.

நிழல் இராயபுரத்தில் இருந்தது. அலமாரியில் செடி படுத்திருந்த இடத்தை நடுவாக வைத்து, ஓட்டுக்கூரையைப் பொருட்படுத்தாமல், அது கட்டிடத்தையும் தாண்டித் தோட்டத்தின் மேல் விழுந்தது. ரோஜாப் பாத்திகளுக்கு வெயில் போய்விட்டது. நாற்றுகள் வெளிறி ஒல்லியாக வளர்ந்து மடிந்தன. தாமரைக்குளத்தில் அந்த வருடம் பூ இல்லை. துறைமுகத்துக் கூலிகள் மதியம் வந்து வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். சுப்புராஜ் மாத அறிக்கையில் 'இவ்வாண்டு மேகமூட்டம் அதிகம்' என்று எழுதினார். வானம் அப்போது வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. நாலங்குலச் செடி என்று தானே அச்சில் எழுதிவிட்ட பிறகு வேறு எதையும் எழுத அவருக்கு வழியில்லை.

பரீட்சை முடிந்த விடுமுறையில் தேவகிருபை தோட்டத்திலேயே லேபிள் எழுத வந்துகொண்டிருந்தாள். அவள் கையெழுத்து சுப்புராஜுக்குப் பிடிக்கும். கத்திரி வெயில் தொடங்கிய ஆறாம் நாள் மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வியாகுலம்மாள் காய்ந்துபோன ரோஜாப் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். தேவகிருபை ஓடிப்போய் நின்றாள்.

"நம்ப நெழலுதான். அதோ பாரு, வடக்கால கொம்புல காக்கா கூடு" என்றாள் வியாகுலம்மாள். ஒரு வாய் சாப்பிட்டாள். "தவசிமுத்து பூட்டாரு. முந்தாநேத்து. உப்பு வார்ற பலகையப் புடிச்சிகினே குந்திட்டாரு. எயுப்பினோம், எயுந்துக்கல."

தவசிமுத்து நாற்பத்திரண்டு பேரில் வயதானவர். நிழலை அளக்கும்போது கயிற்றின் மறுமுனையை அவள் கேட்காமலேயே பிடித்து நின்றவர்.  என்னாலதான் என்றாள் தேவகிருபை. அழுதாள்.

"ஒன்னக் கொற சொல்ல வர்ல. ரயிலுக்குத் துட்டு இருந்திச்சி, நெழல்ல குந்தி துன்னுட்டுப் போலாம்னு வந்தேன். எல்லாரும் வர முடியுமா? வேல கீதே" என்றாள் வியாகுலம்மாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவகிருபைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வரை அவள் அலமாரிக்கு முன்னால் நின்றாள். திருடலாம், திருடினால் மறுநாளே போலீசோடு போய் எடுத்து வந்துவிடுவார்கள், நிழல் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஹெர்பேரியங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர் அறிஞர் யாராவது ஒரு செடியை ஆராய விரும்பினால் அட்டையை இரவல் அனுப்புவார்கள். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று அது அங்கேயே இருக்கும். அனுப்பியவர்கள் வருடா வருடம் நிலைமை விசாரித்துச் சீட்டைப் புதுப்பிப்பார்களே தவிர, அவசரப்படுத்துவது மரியாதையில்லை. தேவகிருபை ஒரு இரவல் சீட்டை எடுத்துத் தன் அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்தாள். பெறுபவர்: வியாகுலம்மாள், எண்ணூர். உதவி ஆய்வாளர்கள்: நாற்பது பேர். மறுநாள் காலை அதை சுப்புராஜின் மேஜையில் வைத்தாள்.

"யாரும்மா இந்த வியாகுலம்மாள்? கேள்விப்பட்டதில்லையே."

"எண்ணூர்ல இருக்காங்க சார். இந்தச் செடிய ரொம்ப நாளாப் பாத்துட்டு இருக்கறவங்க."

"எவ்வளவு நாளா?"

"ஒம்பது வருஷமா."

"நாமளே இப்பத்தானே கண்டுபிடிச்சோம்" என்றார் சுப்புராஜ். பிறகு ஜன்னல் வழியாக வெளிறிப்போன ரோஜா நாற்றுகளையும், அவற்றுக்கு நடுவே குறட்டை விட்டுக்கொண்டிருந்த துறைமுகத்துக் கூலிகளையும் வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாரம் கமிட்டித் தலைவரின் மனைவி தன் பெயர் கொண்ட செடியைப் பார்க்க வருவதாக இருந்தது. இந்தத் தோட்டத்தை அவளுக்குக் காட்ட முடியாது; செடியை வெளியே அனுப்பிவிட்டால் அவளிடம் சொல்ல ஒரு நல்ல சாக்கு வேண்டும். 'ஆராய்ச்சிக்காக இரவல்' என்பதைவிடக் கௌரவமான சாக்கு உண்டா? கையெழுத்துப் போட்டார். 'நோக்கம்' என்ற பத்தி காலியாக இருந்ததை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தார்.

தேவகிருபை அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு எடுத்துப் போனாள். வேலிக்குள் இருந்த கம்பத்தில், பறிக்கக் கூடாது என்ற பலகைக்குக் கீழே, அதைத் திருகாணி போட்டு முடுக்கினாள். நிழல் வரப்பின் மேல் பழைய இடத்தில் விழுந்தது. ஆய்வாளர்கள் உள்ளே வரலாம் என்று சர்க்காரே எழுதியிருந்ததால், நாற்பத்தோரு பேரும் வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்ச் சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். தவசிமுத்து உட்காரும் இடம் மட்டும் காலியாக இருந்தது. நன்றி சொல்லவோ உட்காரச் சொல்லவோ யாருக்கும் தோன்றவில்லை. தேவகிருபை வேலிக்கு வெளியே வெயிலில் நின்று சீட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டாள்.

தூத்துக்குடி மாப்பிள்ளை வேறு பி.எஸ்ஸி.யைக் கட்டிக்கொண்டார். தேவகிருபை தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்ததில் ஞானதுரைக்கு வருத்தம்தான். "காஞ்ச செடிக்குக் காவல் இருக்கதுக்கா படிக்க வச்சேன்?" என்று இரண்டு வருடம் கேட்டார், அப்புறம் விட்டுவிட்டார். 1954இல் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் செடியைப் பார்க்க விரும்பி எழுதினார். இரவலில் இருப்பதாகத் தோட்டம் பதில் போட்டது. அவர் நேரே எண்ணூருக்கு 'மதிப்புக்குரிய டாக்டர் வியாகுலம்' என்று ஆரம்பித்துக் கடிதம் எழுதினார். தேவகிருபை படித்துக் காட்டியபோது, அனுப்ப முடியாது, வேலை இருக்கிறது என்று எழுதச் சொன்னாள் வியாகுலம்மாள். நிபுணர் அதை மதித்தார். மூன்று கட்டுரைகளில் அவளுடைய 'தொடரும் ஆய்வு' என்று குறிப்பிட்டார். காய்ந்த செடியின் நிழல் எண்பத்து மூன்று அடியாக வளர்ந்தது. அடுத்த ஏழு கோடைகளிலும் உப்பளத்தில் ஒரு சாவும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் கத்திரி தொடங்கியதும் தேவகிருபை சீட்டைப் புதுப்பிக்க வருவாள். பதினொன்றரை ரயிலில் வந்து, வேலிக்கு வெளியே வரப்பில் வெயிலில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு போவாள். குடை கொண்டுவர மாட்டாள். ஆறு வருடம் இப்படி. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. தனக்கு அந்த நிழலில் இடமில்லை என்று அவளே தீர்மானித்து வைத்திருந்தாள்.

1958இல் அவள் வந்து உட்கார்ந்தபோது வியாகுலம்மாள் சீட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் காலியாக இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியுமல்லவா? "இங்க இன்னா எய்தணும்?" என்று கேட்டாள். எதற்காக இரவல் வாங்கினீர்கள் என்று எழுத வேண்டும் என்றாள் தேவகிருபை.

"சோறு துன்னன்னு எய்து."

தேவகிருபை அப்படியே எழுதினாள். வியாகுலம்மாள் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். பிறகு கம்பி வழியாக அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாத்துக்கு வெய்யில்ல குந்திகினு கீற? நீயும் வியுந்து செத்தினா யாரு சீட்டு எயுதறது? உள்ள வா."

உள்ளே நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தவசிமுத்துவின் இடம் ஒன்றுதான் காலி. தேவகிருபை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வியாகுலம்மாள் அந்த இடத்து மண்ணைக் கையால் ஒருமுறை தட்டிவிட்டுத் தன் சட்டியைத் திறந்தாள். தேவகிருபை உட்கார்ந்தாள். நிழல் குளிர்ச்சியாக இருந்தது. மீன்குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். அதை அவள் சொல்லவில்லை.